சேற்று ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி

பறவை பார்க்கத் தொடங்கிய முதல் இரண்டு இலையுதிர் காலங்களை நான் நடந்தே வீணாக்கினேன். ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் பாதை. விடிந்ததும் புறப்பட்டு விறுவிறுவென்று ஒரு சுற்று முடித்து வீடு திரும்பினால், நோட்டில் பதினெட்டு, இருபது பெயர்கள் இருக்கும். அதில் பாதி வருடம் முழுக்க அங்கேயே கிடக்கும் நீர்க்காகம், கொக்கு, நாமக்கோழி வகையறா. மீதியில் பல பெயர்களுக்கு நேராகக் கேள்விக்குறி. வலசைப் பறவைகள் வந்துவிட்டன என்பது தெரியும், குரலும் காதில் விழும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விடும். எதிர்க்கரைக்கு நான் போனால் இந்தப் பக்கம் வந்து இறங்கும். என்னோடு கண்ணாமூச்சி ஆடுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். விரட்டியது நான்தான் என்று புரிய ஒரு சுளுக்கு தேவைப்பட்டது.

மூன்றாம் வருடம் செப்டம்பர் தொடக்கத்தில் படியில் கால் மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஒரு மாதம் நடை கூடாது என்றார்கள். வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பாதையிலிருந்து ஐம்பது அடி தள்ளி, நாணலை ஒட்டி உட்கார்ந்தேன். முதல் நாற்பது நிமிடம் ஒன்றுமே இல்லை. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். அப்புறம் உள்ளான் எனப்படும் ஒரு சின்னக் கரைப்பறவை பறந்து வந்து, என் காலிலிருந்து ஏழெட்டு மீட்டர் தூரத்தில் இறங்கி, பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டியபடி சேற்றோரமாக நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே இரண்டு வாலாட்டிகள். பிறகு ஒரு பட்டாணி உப்புக்கொத்தி. நாணலுக்குள் நான் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டது போல இருந்தது. அன்று மூன்று மணி நேரத்தில் 31 வகைகள். நடந்து சுற்றிய நாட்களில் ஒரு நாளும் அவ்வளவு பார்த்ததில்லை.

கணுக்கால் சரியான பிறகும் நாற்காலியை விடவில்லை.

எங்கே உட்காருவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதலில் சூரியன். காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் அதற்கு நேர்மாறு. சூரியன் முதுகில் இருந்தால் காலின் நிறம், அலகின் நிறம், முதுகின் புள்ளி எல்லாம் தெரியும். முகத்தில் இருந்தால், தண்ணீரின் பளபளப்பில் உலகத்து உள்ளான்கள் எல்லாம் ஒரே கறுப்பு பொம்மைகள். இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்ற இரண்டு வருடம் ஆனது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்தது சேறு. நடு ஏரி பார்க்க அழகாக இருக்கும், வாத்துகளுக்கும் அது வசதி. ஆனால் வலசை வரும் கரைப்பறவைகளுக்கு வேண்டியது நீர் வற்றி விலகிய இடத்தில் இருக்கும் மெல்லிய ஈரப் பட்டை. மேலே படலமாகத் தண்ணீர் நிற்கும், கீழே புழுவும் பூச்சிக் குஞ்சும் இருக்கும். நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் அந்தப் பட்டை எங்கே நகரும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பறவைகள் அங்கேதான் இருக்கும். சேற்றைக் கண்ணால் மட்டும் அளந்து பாருங்கள், காலால் வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருந்த ஓரிடத்தைக் கெட்டித் தரை என்று நம்பி மிதித்து முழங்கால் வரை இறங்கினேன். நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு ஷூ வரவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும். வெட்டவெளியில், வானத்தின் பின்னணியில் மனித உருவம் தெரிந்தால் பறவைக்கு அது போதும். புதரோ நாணலோ மரமோ பின்னால் இருந்து, நாமும் தாழ உட்கார்ந்திருந்தால் நம் உருவம் அதில் கரைந்துவிடும். சட்டையின் நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மங்கலான நிறம் நல்லதுதான், ஆனால் அசையாமல் இருப்பது அதைவிடப் பத்து மடங்கு நல்லது.

உட்காரக் கற்ற பிறகுதான் அசல் சிக்கல் ஆரம்பித்தது. பறவைகள் பக்கத்திலேயே நிற்கின்றன, நிதானமாக மேய்கின்றன, ஆனாலும் எது எதுவென்று தெரியவில்லை. கையேட்டில் இருக்கும் படத்துக்கும் எதிரே நிற்பதற்கும் ஒட்டவே இல்லை.

காரணம் எளிது. இந்தப் பருவத்தில் எல்லாப் பறவையும் வேறு வேறு உடையில் இருக்கும். கூடு கட்டும் காலத்துப் பளிச்சென்ற இறகுகள் தேய்ந்துபோன முதிர்ந்த பறவைகள், பாதி உதிர்த்துச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருப்பவை, பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன இளசுகள் எல்லாம் ஒரே கூட்டத்தில் நிற்கும். கரைப்பறவைகளில் பல இனங்களின் பெற்றோர் ஜூலையிலேயே வடக்கிலிருந்து கிளம்பிவிடும். குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழி காட்ட ஆளில்லாமல் தனியாகக் கிளம்பும். அதனால் ஆகஸ்டில் வரும் கொசு உள்ளான் கசங்கிய சட்டையோடு இருக்கும். செப்டம்பரில் வருவதோ முதுகில் வெள்ளையாக ஒரு ‘வி’ வடிவக் கோட்டோடு, ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு கட்டி, இஸ்திரி போட்டது போல வரும். புத்தம் புது இறகா, தேய்ந்த இறகா என்று பார்க்கப் பழகியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இருபத்தைந்து கிராம் சுமாருக்கு இருக்கும் அந்தப் புதுச்சட்டைக்காரன் ஆர்க்டிக் பகுதியிலிருந்து தன் முதல் பயணத்தில் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு, அவனைக் ‘கூட்டத்தில் ஒன்று’ என்று எழுதிவிட்டுப் போக மனம் வருவதில்லை.

வாத்துகளிலும் இதே கதை. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்து தன் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். அந்தச் சமயத்தில் பெட்டையைப் போலவே மண்ணிறமாக மாறி ஒளிந்துகொள்ளும். வலசை தொடங்கும்போதும் பல ஆண்கள் அந்த வேஷத்தைக் கலைத்திருக்காது. நிறத்தை நம்பினால் ஏரி முழுக்க பெட்டை வாத்துகள்தான் என்று எழுத நேரும். உருவத்தைப் பாருங்கள். அலகு அகப்பை போல முன்னால் விரிந்திருந்தால் ஆண்டி வாத்து. கழுத்து நீண்டு மெலிந்து, சாம்பல் அலகோடு இருந்தால் ஊசிவால் வாத்து. பக்கத்தில் நிற்பதைவிடக் குட்டையாக, திடீரென்று செங்குத்தாக எழும்பினால் கிளுவையாக இருக்க வாய்ப்பு அதிகம். நீலச்சிறகிக்கு முகத்தில் கோடு கோடாக இருக்கும். வாத்துகளில் சீக்கிரமே கிளம்பும் வகை அது. செப்டம்பரில் வாத்துக் கூட்டம் தென்பட்டால் முதலில் அதை நினைத்துக்கொள்வேன்.

அதே கரைக்கு முப்பது வருடமாக வரும் ஒரு பெரியவர் இருக்கிறார். பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு நாள் நான் கையேட்டின் பக்கங்களைப் படபடவென்று புரட்டுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தார்.

“பேரை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. அது என்ன பண்ணுதுன்னு முதல்ல பாருங்க.”

“அதுக்குள்ள பறந்துடுமே ஐயா?”

“புத்தகம் பறக்காதுல்ல? பறவையப் பாருங்க.”

அன்று முதல் கையேடு பைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் திறப்பேன். கரையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அலகு தலையின் நீளத்துக்குச் சமமா, ஒன்றரை மடங்கா? கால் என்ன நிறம்? ஓடி நின்று கொத்துகிறதா, இல்லை தையல் இயந்திரம் மாதிரி விடாமல் குத்திக்கொண்டே போகிறதா? எழும்பும்போது பிட்டத்தில் வெள்ளை தெரிந்ததா, இறக்கையில் கோடு தெரிந்ததா? என் ஓவியம் உருளைக்கிழங்குக்குக் குச்சி செருகியது போலத்தான் இருக்கும். இருந்தாலும் வரையும்போதுதான் ‘ஐயோ, காலைப் பார்க்கவே இல்லையே’ என்று உறைக்கும். உடனே திரும்பப் பார்க்கலாம்.

நடையை வைத்தே சொல்லிவிடக்கூடியவை பல. பின்புறத்தை ஆட்டிக்கொண்டே இருப்பதும், தோளுக்கும் மார்புக்கும் நடுவே வெள்ளைத் தீற்று ஏறியிருப்பதும், நீரை ஒட்டித் தாழ, இறக்கையை விறைப்பாகப் படபடத்துப் பறப்பதும் சாதாரண உள்ளான். குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்திக் குடும்பம். ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால் நூறு மீட்டரிலும், மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்.

பதியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் கதை இருக்கிறது. நான்காம் வருடம், செப்டம்பர் மூன்றாம் வாரம். மார்பு முழுக்க இளமஞ்சள் கலந்த பழுப்பு, முதுகில் அழகான செதில் வேலைப்பாடு, சின்னத் தலை. தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. அன்று இரவு படங்களைத் துழாவி, அமெரிக்கக் கண்டத்தின் வட கோடியில் கூடு கட்டும் ஓர் அரிய உள்ளான் வழி தவறி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இ-பேர்டில் ஏற்றினேன். 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் உலகம் முழுக்க உள்ளவர்கள் தங்கள் பட்டியல்களைப் போடுகிறார்கள். அரிதான பதிவு வந்தால் அந்தந்தப் பகுதியைக் கவனிக்கும் தன்னார்வலர் சரிபார்ப்பார். மறுநாள் மூன்று கேள்விகள் வந்தன: பக்கத்தில் நின்ற எந்தப் பறவையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்கிறீர்கள்? கால் பளிச்சென்ற மஞ்சளா, பச்சை கலந்ததா? பறந்தபோது வாலடியின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு இருந்ததா?

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் வயிற்றில் ஏதோ இறங்கியது. இருந்தது. இரண்டு நீள்வட்ட வெள்ளைத் திட்டுகள். அது பேதை உள்ளானின் இளம் பறவை. வலசைக் காலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் இனம்தான். ஆனால் ஆள் மயக்குவதில் அதை அடிக்க ஆளில்லை. ஆண் பெட்டையைவிட மிகப் பெரிதாக இருப்பதால் ஒரே கூட்டத்தில் இரண்டு இனம் நிற்பது போலத் தோன்றும். கால் ஆரஞ்சிலிருந்து பச்சை வரை எந்த நிறத்திலும் இருக்கும். பெயர் பறவைக்கா, பார்ப்பவனுக்கா என்று இன்று வரை எனக்குச் சந்தேகம். பதிவைத் திருத்தினேன். அப்போதிலிருந்து, அரிய பறவை என்று தோன்றினால் ‘சாதாரணப் பறவை விநோத உடையில் நிற்கிறதா?’ என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் ஆம்தான். ‘உள்ளான் வகை, அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதவும் இப்போது கை கூசுவதில்லை.

கருவி பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். டெலஸ்கோப் ஏரிக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் வெயில் ஏறியபின் தண்ணீருக்கு மேல் கானல் அலையடிக்கும்போது எவ்வளவு பெரிதாக்கினாலும் நடுங்கும் கஞ்சிதான் தெரியும். அந்த நேரத்தில் கிட்டத்தில் இருப்பதைப் பாருங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் ‘இந்தப் பக்கம் பார்’ என்று சொல்லும் அளவுக்கு நல்லவை. கண்ணால் காணாததைப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு நான் அவற்றை நம்புவதில்லை.

இனி, நான் செய்த மோசமான காரியம். முதல் வருடம், கேமரா புதிது. நீண்ட அலகு கொண்ட கரைப்பறவைகளான கருவால் மூக்கன்கள் நாற்பது, ஆழமில்லாத நீரில் மேய்ந்துகொண்டிருந்தன. குனிந்தபடி நெருங்கினேன். எழுந்து இருபது மீட்டர் தள்ளி இறங்கின. மறுபடி நெருங்கினேன். ஐந்து முறை இப்படி. ஆறாவது முறை எழுந்தவை வட்டமடித்து உயர்ந்து போய்விட்டன. படம் நன்றாகவே வந்திருந்தது, நாற்பதின் பின்புறமும்.

அவற்றின் உறவுப் பறவையான பட்டைவால் மூக்கனைப் பற்றிப் பிறகு படித்தேன். 2022 அக்டோபரில், ஐந்து மாதமே ஆன ஓர் இளம் பறவை அலாஸ்காவில் கிளம்பி 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி ஒவ்வொரு கட்டத்தையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கிளம்பும் முன் அந்த இனம் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகச் சேர்க்கும். பறக்கும்போது தேவைப்படாத இரைப்பை, குடல் போன்றவற்றைச் சுருக்கியும் கொள்ளும். ஏரியில் இறங்குபவை அப்படி ஒரே மூச்சில் போகாமல் தத்தித் தத்திப் போகலாம். ஆனால் கணக்கு ஒன்றுதான். மேயும் ஒவ்வொரு நிமிடமும் வரவு, வீணாக எழும்பும் ஒவ்வொரு தடவையும் செலவு. அன்று நான் அந்த நாற்பதையும் ஆறு முறை செலவு செய்ய வைத்தேன்.

எழும்பப் போவதைப் பறவை முன்கூட்டியே சொல்லிவிடும். மேய்வது நிற்கும். கழுத்து நீளும். தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். பிறகு நம்மிடமிருந்து விலகி நடக்கும். பறப்பது அதற்கப்புறம்தான். கழுத்து நீண்டதுமே நான் நிற்க வேண்டும், முடிந்தால் இரண்டு அடி பின்வாங்க வேண்டும். மறுபடி தலை குனிந்து மேய ஆரம்பித்தால் மன்னிப்புக் கிடைத்தது என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்த பறவை கிடந்தால் ஆர்வத்தில் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் விளையாட்டில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எண்ணுவது தனிப் பயிற்சி. பெரிய கூட்டத்தைக் கண்டால் மனம் குறைத்துத்தான் சொல்லும். ‘முந்நூறு இருக்கும்’ என்று எழுதிவிட்டு, எடுத்த படத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணிப் பார்த்தேன். 540. இப்போது முதலில் பத்தைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரம். ஒன்றும் வராத நாளையும் எழுதி வைக்கிறேன். எப்போது வந்தது என்பதற்கு முன்னால் எப்போது வரவில்லை என்பது தெரிந்தால்தான் தேதிக்கு மதிப்பு.

தேதி என்றதும் வானிலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. உள்ளான், வாத்து, சின்னச் சின்னப் பாடும் பறவைகள் பலவும் இரவில்தான் பயணம் செய்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் திரையில் தோன்றிய மர்மப் புள்ளிகளை இயக்குபவர்கள் ‘தேவதைகள்’ என்று அழைத்தார்கள். அவற்றில் பல பறவைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னாலிருந்து காற்று வீசும் தெளிந்த இரவில் அவை மேலேயே போய்விடும், ஏரி காலியாகும். எதிர்க்காற்றோ நள்ளிரவு மழையோ குறுக்கிட்டால் கிடைத்த இடத்தில் இறங்கும். ஆகவே இரவு மழை பெய்து விடியலில் ஓய்ந்தால், முகம்கூடக் கழுவாமல் ஓடுங்கள். என் பட்டியலின் மூன்று சிறந்த காலைகளும் அப்படிப்பட்டவை.

வடக்கு அமெரிக்காவில் 1952 அக்டோபரில், பல இடங்களில் இருந்தவர்கள் முழு நிலவை டெலஸ்கோப்பில் பார்த்து, அதன் குறுக்கே கடக்கும் பறவைகளை எண்ணினார்கள் என்று படித்துவிட்டு நானும் ஓர் அக்டோபர் பௌர்ணமியில் முயன்றேன். ஒரு மணி நேரத்தில் மூன்று நிழல்கள். ஒன்று வௌவாலாக இருக்கலாம். கழுத்து இரண்டு நாள் வலித்தது. ஆனாலும் அந்த இரண்டை மறக்க முடியவில்லை.

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தால் என்னைத் திட்டிக்கொள்வதற்கு முன் வானத்தைப் பார்க்கிறேன். சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழ மிதந்து வந்தால் பறவைகள் அலை மாதிரி எழுந்து, அது கடந்ததும் பின்னாலேயே அடங்கும். பைரி என்னும் வேகமான வேட்டைப் பறவை வந்தால் கதை வேறு. உள்ளான்கள் இறுகிய பந்தாகி, ஒரே உடம்பு போலத் திரும்பித் திரும்பி வெள்ளையும் கறுப்புமாக மின்னும். வேட்டைப் பறவையை நான் பார்ப்பதற்கு வெகு நேரம் முன்பே அவை பார்த்துவிட்டிருக்கும்.

போன அக்டோபரில் ஒரு மாலை, வெளிச்சம் போனதும் நாற்காலியை மடிக்க எழுந்தேன். பெரியவர் கை காட்டி உட்காரச் சொன்னார். சேற்றில் நின்ற உள்ளான்கள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மேய்ச்சல் நின்றிருந்தது. குளிப்பதும் இறகு கோதுவதுமாக ஒரே பரபரப்பு. பிறகு முப்பது, நாற்பது எழுந்தன. வழக்கம் போல எதிர்க்கரைக்குப் போகவில்லை. கூவிக்கொண்டே வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் உயரம் கூட்டி, மேலே போய் ஒரு கோணல் வரிசையாகித் தெற்கே திரும்பின. பைனாகுலரில் புள்ளிகளாகும் வரை பார்த்தேன்.

“கிளம்பிட்டாங்க” என்றார் பெரியவர்.

இரண்டு நிமிடம் கழித்து ஒரே ஒரு பறவை மட்டும் திரும்பி வந்தது. எங்களுக்கு எதிரே இறங்கி, இறக்கையை ஒரு முறை உதறி மடித்துக்கொண்டு, அரை இருட்டில் மறுபடி சேற்றைக் குத்த ஆரம்பித்தது. அதன் கால் நிறத்தைப் பார்க்க முயன்றேன். தெரியவில்லை. ‘உள்ளான் வகை, ஒன்று’ என்று எழுதிக்கொண்டேன்.